ஓரம் கணக்கில் வராது

டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைத் திருப்பி மேசைமேல் வைத்த விதத்திலேயே டெய்லரம்மாவுக்கு விளங்கிவிட்டது. வீட்டில் திருட்டு நடந்திருக்கிறது.

பூட்டு உடையவில்லை, பீரோ திறக்கவில்லை. போனது ஆறு வருஷத்துப் பிடிவாதம்.

"நூத்தி முப்பத்தெட்டு," என்றார் டாக்டரம்மா. "போன வருஷம் எழுபத்திரண்டு. கெட்ட கொழுப்பு சும்மா உக்காந்த இடத்துலேர்ந்து இப்படித் தாவாது. என்ன சாப்பிடுறீங்க?"

"எப்பவும் சாப்பிடுறதுதான் டாக்டர்," என்றார் அவள் கணவர், பேக்கரி மாஸ்டர். "பருப்பு, கீரை, கொண்டைக்கடலை, பழம். வேற ஒண்ணையும் நான் தொடுறதில்ல."

"மாத்திரை?"

"ஒரு வேளை விட்டதில்ல."

"எப்பவாவது ஒரு நாள், விசேஷம், விருந்துன்னு..."

"ஆறு வருஷமா ஒரு நாள் கூட இல்ல!" மாஸ்டரின் குரலில் பதக்கம் குத்திக்கொண்ட தோரணை இருந்தது.

அதில் பொய்யில்லை என்று டெய்லரம்மா சத்தியம் செய்வாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் பேக்கரி அடுப்புக்கு எதிரே மார்பைப் பிடித்துக்கொண்டு சரிந்த மனிதர். ரத்தக் குழாயில் வலை வைத்து வீட்டுக்கு அனுப்பியபோது இதே டாக்டரம்மா, "கறி, முட்டை, பால், வெண்ணெய் எல்லாத்தையும் முடிஞ்ச வரைக்கும் குறைச்சு, செடி கொடியில விளையறதைச் சாப்பிடுங்க" என்றார். 'முடிஞ்ச வரைக்கும்' என்பது மாஸ்டரின் காதில் விழவே இல்லை. முழுசாக விட்டார். கல்யாண வீடுகளில் ஐஸ்கிரீம் கிண்ணத்தைக் கையால் தடுத்து, கொண்டு வந்தவருக்குப் பத்து நிமிஷம் பிரசங்கம் வேறு.

"மூணு மாசம் பாக்கலாம்," என்றார் டாக்டரம்மா. "இறங்கலைன்னா மறுபடியும் குழாய் விட்டுப் பாத்துடணும். அடுப்பு முன்னாடி நிக்கிற வேலையையும் விட வேண்டி வரலாம்."

பஸ் பிடித்து வீடு வந்தார்கள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் மாஸ்டர் வெடிகுண்டைப் போட்டார்.

"ஞாயித்துக்கிழமையோட முடிச்சுக்கறேன்."

"எதை?"

"இந்தப் புல்லு தின்ற பொழைப்பை. தின்னவனுக்கும் ஏறுது, தின்னாதவனுக்கும் ஏறுது. அப்புறம் எதுக்கு நான் வாயைக் கட்டணும்? தம்பிக்கு போன் போடு. வறுத்த கோழி ஒரு வாளி வாங்கிட்டு வரச் சொல்லு. விழாவா கொண்டாடிடுவோம்."

"என்னங்க இது, சின்னப் பிள்ளை மாதிரி..."

"இல்லைன்னா நீ சொல்லு. வெளியில நான் தொடல. அப்ப மிச்சம் இருக்கிறது உன் சமையக்கட்டு மட்டும்தான். எந்த எண்ணெயை ஊத்துறியோ, எதைக் கலக்குறியோ, யாருக்குத் தெரியும்?"

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

டெய்லரம்மா தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். வீட்டின் முன்னறைதான் அவள் கடை. இரண்டு மிஷின், ஓரம் அடிக்க ஒரு ஓவர்லாக், சுவர் முழுக்கத் தொங்கும் அரைகுறை ரவிக்கைகள். ஊசியில் நூல் கோர்க்கப் போனாள். மூன்று தடவை தவறியது. ஆறு வருஷமாக அளந்து அளந்து ஊற்றிய கை இது. அந்தக் கைமீதே பழி!

வியாழக்கிழமை சாயங்காலம் அது. ஞாயிறுக்கு இரண்டே நாள். அதற்குள் திருடனைப் பிடித்தாக வேண்டும். பிடிக்காவிட்டால் அவள் பெயர் மட்டுமா கெடும்? அந்த மனிதர் ஒரு வாளிக் கோழியோடு ஆரம்பித்தால் எதில் போய் நிறுத்துவார் என்று அவளுக்குத் தெரியும். எதையும் பாதியாகச் செய்யத் தெரியாத ஆள்.

வெள்ளிக்கிழமை முழுக்க விசாரணை. முதலில் தன் சமையலறையையே சோதனை போட்டாள். எண்ணெய் பாட்டிலின் லேபிளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள். வாங்கி மூன்று வாரமாகியும் பாதிகூட இறங்கவில்லை. அடுத்தது, பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகள். எதற்கெடுத்தாலும் தீர்ப்பு சொல்வதால் வீட்டில் அவள் பெயர் 'ஜட்ஜு'.

"உன் பையில பிஸ்கட், சாக்லேட் ஏதாவது வெச்சு அப்பாவுக்குக் குடுக்கிறியா?"

"குடுத்தா வாங்குவாரா? போன மாசம் என் பிறந்தநாளுக்கு அவரே க்ரீம் போட்ட கேக்கு. ஊட்டப் போனேன். 'உள்ள தள்ளாதே, ஆறு வருஷம்!'னு அலறினார். நீதான் பாத்தியே."

"பாத்தேன்."

"குற்றவாளி வீட்டுல இல்லம்மா. கேஸை வேற ஸ்டேஷனுக்கு மாத்து."

வேறு ஸ்டேஷன் என்றால் ஒன்றுதான். பேக்கரி.

போக ஒரு சாக்கும் இருந்தது. வேலையாட்களுக்குப் புது ஏப்ரன் தைத்துத் தரும்படி முதலாளி போன வாரமே சொல்லியிருந்தார். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கையில் டிபன் பாக்ஸோடு டெய்லரம்மா பின்வாசல் வழியாக நுழைந்தாள்.

உள்ளே அந்நேரத்துக்கே நெற்றியில் அறையும் சூடு. முட்டையும் வெனிலாவும் கருகிய சர்க்கரையும் கலந்த வாசனை சட்டையில் ஒட்டும். முன்பெல்லாம் மாஸ்டர் ரொட்டிப் பக்கம்தான் நின்றார். மாவு, ஈஸ்ட், உப்பு, தண்ணீர். தின்றாலும் பாவமில்லாத பக்கம். கேக் போட்டுக்கொண்டிருந்தவர் எட்டு மாதத்துக்கு முன்னால் தன் மகன் இருக்கும் ஊருக்குக் கிளம்பிப் போனதும், அந்த மேசைக்கு இவரை மாற்றினார்கள். மேசைமேல் வாசற்கதவு அகலத்துக்கு ஸ்பாஞ்ச் கேக் தட்டுகள். அரம் மாதிரிப் பல் வைத்த நீளக் கத்தியோடு மாஸ்டர் நின்றார். மனைவியைப் பார்த்து, "என்ன, வேவு பாக்க வந்தியா?" என்றார்.

"இடுப்பு பாக்க வந்தேன்," என்றாள்.

அடுப்படியில் நிற்கும் பெரியவரிடமிருந்து ஆரம்பித்தாள். முப்பது வருஷமாக அடுப்போடு நின்று அவர் பெயரே 'அடுப்பு' ஆகிவிட்டது.

"அண்ணே, இடுப்பு இருக்கிற இடத்தைக் கொஞ்சம் காட்டுங்க."

"அது போன வருஷமே காணாமப் போச்சு தங்கச்சி. தோராயமாக் கட்டு."

நாடாவை அவர் வயிற்றைச் சுற்றி இழுத்துக்கொண்டே கண்ணை மேசைப் பக்கம் விட்டாள். வெந்த ஸ்பாஞ்சுக்கு நாலு பக்கமும் சிவந்து இறுகிய விளிம்பு இருக்கும். அதை நறுக்கி எடுத்த பிறகுதான் மேலே க்ரீம் பூச முடியும். மாஸ்டர் கத்தியை ஒரே இழுப்பாக இழுத்தார். விரல் அகலத்துக்கு நீளப் பட்டை ஒன்று கழன்றது. அதைத் தகர டப்பாவில் போட்டார். அடுத்தது. அடுத்தது.

நாலாவது பட்டையில் அவர் கை முகத்துக்குப் போனது. வியர்வை துடைக்கிறார் என்று நினைத்தாள்.

ஏழாவதில் மறுபடியும் போனது. தாடை அசைந்தது.

டெய்லரம்மாவின் கையில் நாடா நின்றுவிட்டது.

"என்ன தங்கச்சி, நாடா பத்தலையா?"

"அண்ணே, அந்த டப்பாவுல இருக்கிறதெல்லாம் என்ன ஆகும்?"

"ஓரமா? வர்றவன் போறவன் எல்லாம் தின்பான். மிச்சம் சாயங்காலம் பொட்டலம் போட்டு யாருக்காவது குடுத்துடுவாங்க. ஓரம் கணக்குல வராதும்மா. கடை திறந்த நாள்லேர்ந்து அதான் இங்க சட்டம்."

"மாஸ்டரும் தின்பாரா?"

"அவரா? அவர் கேக்கைத் தொட்டு நான் பாத்ததில்லையே!" என்றார் அடுப்பு. மனதாரச் சொன்னார். அப்படிச் சொல்லும்போதே நாலடி தள்ளி மாஸ்டர் மென்றுகொண்டிருந்தார்.

அங்கேதான் விஷயம் இருந்தது என்று டெய்லரம்மாவுக்குப் பொறி தட்டியது. அவர் மறைக்கவில்லை. மறைப்பவன் நாலு பக்கம் பார்ப்பான். இவர் யாரையும் பார்க்கவில்லை. தட்டு ஒழுங்காக வெந்திருக்கிறதா என்று கை ஒரு கிள்ளு எடுக்கிறது, வாய் வாங்கிக்கொள்கிறது, மனசு அடுத்த தட்டில் இருக்கிறது. அவரைக் கேட்டால் அம்மன் சன்னதியில் கற்பூரம் அணைத்துக்கூடச் சொல்வார், கேக் தொடவில்லை என்று.

சத்தம் போட்டால் காரியம் கெடும். டிபன் பாக்ஸைத் திறந்தாள். கொண்டு வந்த அவித்த கடலையை ஒரு காகிதத்தில் கொட்டினாள். தகர டப்பாவுக்குப் பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அளவு எழுதுகிற பாவனையில் காத்திருந்தாள். மாஸ்டரின் கை ஒரு துண்டை வாய்க்குக் கொண்டு போனால், அதே அளவில் இவள் கை ஒரு துண்டை பாக்ஸுக்குக் கொண்டு போனது. அவர் ஒன்று, இவள் ஒன்று. அவர் இரண்டு, இவள் இரண்டு. மூன்று மணி நேரம் இந்த ஜோடி வேலை நடந்தது. மாஸ்டர் கவனிக்கவே இல்லை.

பத்து மணி இடைவேளையில், மைதா மூட்டை அடுக்கியிருந்த பின்கட்டுக்கு அவரைக் கூப்பிட்டாள். அடுப்பும் கறுப்பு டீயோடு அங்கே வந்து சேர்ந்தார்.

மூட்டைமேல் பாக்ஸை வைத்துத் திறந்தாள். பழுப்பும் மஞ்சளுமாக வழிய வழிய நிறைந்திருந்தது.

"என்னடி இது, ஜட்ஜுக்கா?"

"இல்லை. உங்க டிபன். காலையில ஏழுலேர்ந்து பத்து வரைக்கும் நீங்க தின்னது. உள்ள போனதை எடுக்க முடியாது, அதனால அதுக்கு ஜோடி எடுத்து வெச்சிருக்கேன்."

மாஸ்டர் சிரித்தார். அடுப்பைப் பார்த்தார். அடுப்பு சிரிக்கவில்லை. பாக்ஸைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்த் தராசில் வைத்துவிட்டு வந்தார்.

"பாக்ஸ் எடை போக முன்னூத்திப் பத்து கிராம், மாஸ்டர்."

"கடையில விக்கிற ஒரு துண்டு எத்தனை கிராம்ணே?" என்றாள் டெய்லரம்மா.

"எண்பது."

"அப்ப கிட்டத்தட்ட நாலு துண்டு. இன்னும் மத்தியானமே ஆகலை."

"ஏய், ஓரம் கேக்கு இல்லடி!" மாஸ்டர் கத்தினார். "கேக்குன்னா க்ரீம் வெச்சு, அடுக்கி, பெட்டியில போட்டுப் போறது. இது ஓரம். வெட்டிப் போடுறது. இதை யாரு கணக்குல சேப்பா?"

"வெண்ணெய்க்கும் முட்டைக்கும் அது தெரியுமா? நடுவுல மட்டும் உக்காந்திருக்கணும், ஓரத்துக்குப் போகக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கீங்களா?"

அடுப்பு டீயை விழுங்க முடியாமல் இருமினார்.

"உங்க கடையில ஓரம்னா வெட்டிப் போடுறது. எங்க கடையில அதான் முதல் வேலை. பட்டா இருந்தாலும் சரி, பருத்தியா இருந்தாலும் சரி, ஓரம் அடிக்காம விட்டா நாலே துவைப்பு. நூல் நூலாப் பிரிஞ்சு வந்துடும். ஆறு வருஷமா முரட்டுத் துணி நெய்தீங்க. ஓரத்தை மட்டும் விட்டுட்டீங்க."

மாஸ்டர் பாக்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக மூட்டைமேல் உட்கார்ந்தார். நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை சிந்திக் கிடந்த மாவில் விழுந்து உருண்டையானது.

"எட்டு மாசமா?"

"இந்த மேசைக்கு வந்ததுலேர்ந்து."

"அப்ப நான் கல்யாண வீட்டுலயெல்லாம் பேசினது..."

"அதை விடுங்க."

"எப்படி விடுறது? எல்லாம் போச்சு!" அவர் குரல் உடைந்து, உடனே முரண்டு பிடித்தது. "சரி, முறிஞ்சது முறிஞ்சு போச்சு. இனிமே ஒளிவு என்ன, மறைவு என்ன. நாளைக்குத் தம்பி கொண்டு வர்றதைத் தின்னுட்டுப் போறேன். அவ்வளவுதான்."

டெய்லரம்மா திருடனைப் பிடித்துக் கொடுத்தால் கேஸ் முடிந்துவிடும் என்று நினைத்தாள். பிடித்துக் கொடுத்ததே திருடனுக்கு வசதியாகப் போய்விட்டதே!

"இங்க பாருங்க. கிழிஞ்ச சட்டையோட என் கடைக்கு தினமும் பத்து பேர் வர்றாங்க. ஒருத்தராவது, 'ஒரு இடத்துல கிழிஞ்சுடுச்சு, மிச்சத்தையும் கிழிச்சுக் குடு'ன்னு கேட்டதுண்டா?"

மாஸ்டர் கையிலிருந்த மாவைத் தட்டிக்கொண்டார்.

"ரொட்டிப் பக்கம் நின்ன வரைக்கும் எழுபத்திரண்டுல வெச்சிருந்தது யாரு? நீங்கதானே? அந்த மனுஷன் எங்கயும் போகலை. வழியில எட்டு மாசம் கை தப்பிடுச்சு. கையைப் புடிப்போம்."

"அது என் பேச்சைக் கேக்காதே. நான் தின்னதே எனக்குத் தெரியலையே!" இப்போதுதான் அவர் நிஜமாகவே பயந்தார்.

"அதுக்கு வழி பண்றேன். இன்னொண்ணும் பண்ணணும். மாசத்துல ஒரு நாள் ஒரு துண்டு தின்னுங்க."

"என்னது?"

"ஓரம் இல்லை. நல்லா க்ரீம் வெச்ச முழுத் துண்டு. தட்டுல வெச்சு, உக்காந்து, எங்களோட சேர்ந்து. அந்த நாள் முன்கூட்டியே நமக்குத் தெரிஞ்சிருக்கணும். டாக்டரம்மாகிட்டயும் நானே சொல்றேன். அவங்கதான் அன்னிக்கே முடிஞ்ச வரைக்கும்னாங்களே. நீங்கதான் போலீஸ்காரர் மாதிரி வாயைப் பூட்டிட்டு, பின்வாசலைத் திறந்து போட்டீங்க."

"அது தோத்த மாதிரி இல்லையா?"

"மறந்து தின்றதுதான் தோல்வி. ருசியும் தெரியலை, கொழுப்பு மட்டும் மிச்சம்."

சொல்லிவிட்டு, கழுத்திலிருந்த நாடாவை எடுத்து அவர் ஒரு காதிலிருந்து மறு காது வரை முகத்தை அளந்தாள்.

"என்னடி பண்றே?"

"வாய்க்குக் கட்டு தைக்கப் போறேன். திங்கக்கிழமைலேர்ந்து மேசைக்கு முன்னாடி நிக்கிற வரைக்கும் அதைக் கழட்டக் கூடாது. கை வந்தா துணியில முட்டட்டும்."

"அப்ப வெந்துதா இல்லையான்னு எப்படிப் பாக்கிறது?"

"விரலால அமுக்கினா மேல எழும்பி வரணும்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான் மாஸ்டர்," என்றார் அடுப்பு. "ருசிதான் பாக்கணும்னா நான் எதுக்கு இருக்கேன்? எனக்குத்தான் இடுப்பே இல்லையே."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொழுந்தன் வந்தான். பைக் சத்தத்துக்கு முன்னால் கோழி வாசனை வந்தது.

"அண்ணி, பெரிய தட்டா எடுங்க! அண்ணனுக்கு விடுதலை நாள். பன்னெண்டு துண்டு, காரம் தூக்கலா!"

வாளியின் மூடியைத் திறந்தான். முன்னறை முழுக்க அந்த வாசனை ஏறி, தொங்கும் ரவிக்கைகள்வரை போயிருக்கும். மாஸ்டர் வாளியைப் பார்த்தார். அவர் தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியதை டெய்லரம்மா பார்த்தாள். பேச வேண்டியதையெல்லாம் மைதா மூட்டை பக்கத்திலேயே பேசியாகிவிட்டது. இனி அவர் பாடு.

மாஸ்டர் எழுந்தார். சமையலறைக்குள் போனார். திரும்பும்போது கையில் கடையிலிருந்து வாங்கி வந்த சின்ன அட்டைப் பெட்டி. மேசை முன்னால் உட்கார்ந்து, பெட்டியைப் பிரித்து, ஒரே ஒரு துண்டு கேக்கைத் தட்டில் வைத்தார். கரண்டியால் நடுவிலிருந்து வெட்டி வாயில் போட்டார்.

போட்டவர் அப்படியே உறைந்துபோனார். கண் விரிந்தது.

"என்னப்பா?" என்றாள் ஜட்ஜு.

"எட்டு மாசமா நான் போடுற கேக்கு இதானா?" என்றார் மாஸ்டர், ஏதோ தொலைந்த சொந்தக்காரரைச் சந்தித்த குரலில். "நடுவுல இவ்வளவு நல்லா இருக்கா! எனக்கு யாருமே சொல்லலையேடா!"

ஜட்ஜு விழுந்து விழுந்து சிரித்தாள். டெய்லரம்மாவுக்குச் சிரிப்போடு ஏதோ ஒன்று கண்ணிலும் வந்தது. மாஸ்டர் அவசரப்படவில்லை. ஒவ்வொரு கரண்டியையும் நிறுத்தி நிதானமாகத் தின்றார். "இன்னும் கால் ஸ்பூன் எலுமிச்சம் தோல் துருவிப் போடலாம்," என்று நடுவில் ஒரு தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தட்டு காலியானதும் கரண்டியைக் கவிழ்த்து வைத்தார்.

கொழுந்தனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு கோழிக் காலைக் கையில் எடுத்து நீட்டினான்.

"ஆரம்பிச்சாச்சுல்ல? அப்புறம் என்ன அண்ணா, இதையும் ஒரு கை பாரு. கேக்கு தின்ன வாய்க்குக் கோழி மட்டும் தீட்டா?"

"தீட்டு இல்லைடா. இன்னிக்கு முடிவு பண்ணது ஒரு துண்டு. தின்னாச்சு. நீ சாப்பிடு. ஜட்ஜு, சித்தப்பாவுக்குத் தட்டு வை."

"அப்ப அந்த ஆறு வருஷம் முறிஞ்சு போச்சுன்னு ஒத்துக்கறியா? மறுபடியும் முதல் நாள்லேர்ந்து எண்ணணுமே!"

மாஸ்டருக்கு அந்த ஆறு வருஷம் என்றால் உயிர். அதைத் தட்டினால் எகிறிக் குதிப்பார்.

மாஸ்டர் குதிக்கவில்லை. தட்டை எடுத்துப் போய்க் கழுவி, கவிழ்த்துவிட்டு வந்தார்.

"எண்ணுறதை விட்டாச்சுடா. அதை எண்ணிக்கிட்டே இருந்ததுலதான் தட்டைப் பாக்காம விட்டுட்டேன்." மனைவி பக்கம் திரும்பினார். "ராத்திரிக்கு என்ன?"

"கீரையும் பருப்பும். இன்னும் ஆயவே இல்லை."

"கீரைக்கட்டை இங்க கொண்டா."

மூன்று மாதம் கழித்து ரத்தம் என்ன சொல்லுமோ, அது ரத்தத்துக்குத்தான் வெளிச்சம். தம்பி எதிரே உட்கார்ந்து எலும்பைக் கடிக்க, மாஸ்டர் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு கீரையைப் பிரித்தார். பழுத்த இலையை ஒதுக்கினார். பூச்சி அரித்ததை ஒதுக்கினார். நல்லதாக ஒரு கைப்பிடி சேர்ந்ததும், நிமிர்ந்து தம்பியைப் பார்த்தார்.

"எலும்பையே கடிச்சிட்டு உக்காந்திருக்கியே. கையைக் கழுவிட்டு வந்து நீயும் ரெண்டு காம்பைக் கிள்ளு. ராத்திரி சாப்பாடு உனக்கும் இங்கதான்."